பொருத்தத்தார் பேசி முடித்த வேப்

கனடாவின் ஸ்காபரோவில் சிகரெட்டை விட்ட தமிழ் ஆண்களில் பாதிப்பேர் மனைவிக்குப் பயந்து விட்டவர்கள். மீதிப்பேர் பொருத்தத்தாருக்குப் பயந்து விட்டவர்கள். நான் இரண்டு பக்கமும் பயந்தவன். ஆகவே இதை எழுத என்னைவிடத் தகுதியான ஆள் கிடைப்பது கஷ்டம்.

அவருடைய சொந்தப் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது. முகத்துக்கு முன்னால் எல்லோரும் அண்ணை என்பார்கள். முதுகுக்குப் பின்னால் பொருத்தத்தார். ஒரு காலத்தில் அவர் கலியாணப் புறோக்கர். ரெக்ஸ்டேலில் இருக்கும் மாப்பிள்ளையையும் மார்க்கம் நகரில் இருக்கும் பெண்ணையும் இரண்டு தொலைபேசி அழைப்பில் சேர்த்து வைப்பார் என்று பேர். பிறகு பிள்ளைகள் தாங்களே போனில் ஆளைத் தேடிப் பிடிக்கத் தொடங்கினார்கள். பொருத்தத்தாரின் போன் அடிப்பது நின்றுபோனது.

அந்த நேரம் அவருடைய அக்காவின் மகன் ஒரு பிளாசாவில் வேப் கடை திறந்தான். ஒரு பக்கம் கொத்துரொட்டிக் கடை, மறுபக்கம் தையற்கடை. தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: வேப் என்பது மின்சிகரெட். உள்ளே பற்றரி, ஒரு சின்னக் கம்பிச்சுருள், அதைச் சுற்றிக் கொஞ்சம் பஞ்சு. பஞ்சு ஜூஸைக் குடிக்கும், கம்பி சூடாகும், புகை மாதிரி ஒன்று வரும், மனிதன் இழுப்பான். ஜூஸ் என்றவுடன் தோடம்பழச்சாறு என்று நினைத்துவிடாதீர்கள். அதற்குள் நிக்கொட்டின் இருக்கிறது.

வீட்டில் சும்மா இருந்து அக்காவுடன் சண்டைக்குக் கொழுவிக்கொண்டிருந்த மாமாவை, "கடையில வந்து இருங்கோ மாமா, எனக்கும் பேச்சுத் துணையா இருக்கும்" என்று மருமகன் கூப்பிட்டான். வாழ்க்கையில் அவன் செய்த பெரிய பிழை அதுதான் என்று பிறகு எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறான். பொருத்தத்தார் வந்தார். உயரமான ஸ்ரூல் ஒன்றில் ஏறி இருந்தார். கலியாணம் பேசிய அதே வாயால் வேப் பேசத் தொடங்கினார்.

அவருடைய கடையில் நீங்கள் விரும்பியதைக் காட்டி வாங்கிக்கொண்டு வரமுடியாது. முதலில் விசாரணை. எந்தக் குடும்பம், எந்தச் சிகரெட், எந்த நேரம், நெஞ்சில் சளி உண்டோ, பொறுமை உண்டோ. அதற்குப் பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு யோசிப்பார். பிறகு அலுமாரியைக் காட்டி, "உது வேண்டாம், உது வேண்டாம், அந்தக் கரையில இருக்கிறதை எடு" என்று மருமகனுக்குச் சொல்வார்.

அவர் ஒரு நாளும் சிகரெட்டை வாயில் வைத்தவர் இல்லை. வேப்பும் இழுத்ததில்லை. "பிறகு எப்பிடி அண்ணை சொல்லுறியள்?" என்று யாராவது கேட்டால் பதில் தயாராக இருக்கும். "கலியாணம் பேசுறவன் எல்லாப் பொம்பிளையளையும் கட்டிப் பார்த்திட்டோ பேசுறான்?"

ஒருமுறை கல்லூரிப் படிப்பு முடித்த பெடியன் ஒருவன் வந்தான். அடையாள அட்டை எல்லாம் சரி. தர்ப்பூசணிச் சுவையில் ஒன்று வேண்டுமாம்.

"தம்பி, நீர் சிகரெட் பத்துறனீரோ?"

"நோ அங்கிள், நெவர். ஜஸ்ற் ட்ரை பண்ணிப் பார்க்க."

"கலியாணமே கட்டாதவனுக்கு நான் டிவோர்ஸ் எடுத்துக் குடுக்கிறேல்லை. போய்த் தர்ப்பூசணியை வாங்கி வெட்டிச் சாப்பிடும்."

பெடியன் சிரித்தபடி போய்விட்டான். மருமகன் சிரிக்கவில்லை.

எல்லா முறையும் அவர் சொன்னதுதான் சரி என்றும் இல்லை. கோயம்புத்தூரிலிருந்து வந்த கம்பியூட்டர்காரர் ஒருவர், பெரிய பற்றரியோடு மேகம் மேகமாய்ப் புகை விடும் சாமான் ஒன்றைத்தான் எடுப்பேன் என்று நின்றார். முதல்தரம் எடுக்கிற ஆளுக்கு அது சரிவராது, ஒரு கிழமையில் திருப்பிக்கொண்டு வருவார் என்று பொருத்தத்தார் கடை முழுக்கச் சாட்சி வைத்துச் சொன்னார். அந்த மனிதர் கொஞ்ச மாதத்தில் சிகரெட்டையும் விட்டு அந்தச் சாமானையும் விட்டு, ஒரு பெட்டி மைசூர்பாகோடு வந்து, "ரொம்ப தேங்க்ஸ் சார், நீங்க திட்டினதுலதான் எனக்கு வைராக்கியம் வந்துச்சு" என்றார். பொருத்தத்தார் மைசூர்பாகைச் சாப்பிட்டுக்கொண்டே, "சாதகம் பொருந்தாமலும் சில சோடி நல்லாத்தான் இருக்குதுகள்" என்று ஒத்துக்கொண்டார். அன்று முழுவதும் ஆள் சோர்ந்துபோய் இருந்தார் என்று மருமகன் சொன்னான்.

இனி என் கதைக்கு வருகிறேன். வரத்தான் வேண்டும்.

நான் வெயர்ஹவுஸில் வேலை செய்கிறவன். நான்கு பேர் கூடும் இடத்தில் என் குரல் வெளியே வராது. சிகரெட்டை மட்டும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே விடாமல் பிடித்துக்கொண்டிருந்தேன். பல வருடங்களுக்கு முன் "விட்டிட்டன்" என்று வீட்டில் அறிவித்துவிட்டேன். அதன் பிறகு கராஜுக்குப் பின்னால், காருக்குள், வேலையில் பிரேக் நேரத்தில் என்று எல்லாம் ஒளிவுமறைவாகத்தான். வாய்மணத்தை மறைக்கச் சட்டைப்பையில் எப்போதும் கராம்பு இருக்கும். என் மனைவிக்கும் மகளுக்கும் இது தெரியாது என்று நான் உறுதியாக நம்பிக்கொண்டிருந்தேன்.

அப்படியிருக்க, கலியாணம் கட்டி அஜக்ஸ் நகரில் இருக்கும் மகள் மதுரா வந்து, தான் பிள்ளைத்தாச்சி என்று சொன்னாள். எங்களுக்கு முதல் பேரப்பிள்ளை. மனைவி அழுதாள். எனக்கும் கண் கலங்கியது. அந்தச் சந்தோஷம் தேத்தண்ணி ஆறும் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. மதுரா எல்லோருக்கும் பொதுவாகச் சொல்வது போல, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "ஸ்மோக் பண்ணுற ஒருத்தரும் பேபியைத் தூக்க ஏலாது. ஜக்கெற்றில ஸ்மெல் வந்தாலும் நோ. ஐ ஆம் சீரியஸ்."

"அது நல்லம்தானே" என்றேன் நான். அன்று கராம்பு இரண்டு சேர்த்து மென்றேன்.

பேரப்பிள்ளையைத் தூக்காத தாத்தாவாக நிற்பதை நினைத்துப் பார்த்தேன். எல்லோரும் வாங்கி வாங்கிக் கொடுப்பார்கள். என்னிடம் வரும்போது பிள்ளை என்னைத் தாண்டிப் போகும். ஏன் என்று எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தப் படம் கண்ணுக்குள் நின்றுகொண்டே இருந்தது. திடீரென்று விட்டுப் பார்த்தேன். இரண்டு நாளில் வேலையில் போர்க்லிவ்ற் ஓடுகிற ஒரு அப்பாவியைத் திட்டிவிட்டேன். அவனுக்கே அதிசயம், நான் கதைக்கிறேன் என்று. எனவே வேப் பக்கம் போவது என்று முடிவெடுத்தேன்.

காரைப் பிளாசாவின் கடைசி அந்தலையில் விட்டு, தொப்பியைக் கண்வரை இழுத்துக்கொண்டு, கொத்துரொட்டிக் கடைக்குப் போகிறவன் மாதிரி நடந்து, கடைசி நிமிடத்தில் பக்கத்துக் கதவுக்குள் நுழைந்தேன். வெளியே ஒன்றும் தெரியாதபடி கடைக் கண்ணாடிக்குக் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தார்கள். அது எனக்குப் பெரிய ஆறுதல். உள்ளே போன பிறகுதான் விளங்கியது, அந்தத் தாள் குரலை மறைக்காது என்று.

"வாரும், வாரும். முதல்தரமோ?"

"ஓம்" என்றேன்.

"கேக்கேல்லை."

"ஓம் அண்ணை."

"இரும். காலமை கண் முழிச்சு எவ்வளவு நேரத்தில முதல் சிகரெட்?"

"பல்லு மினுக்கின பிறகு."

"பொய். பத்தினாப் பிறகுதான் மினுக்குவீர், மணம் போக. சரி, கண் முழிச்ச உடன எண்டு வைப்பம். அப்ப தொடக்கத்தில கொஞ்சம் கடுமையான ஜூஸ்தான் வேணும். தண்ணி மாதிரி ஒண்டைத் தந்தால் நீர் சிகரெட்டும் இதுவும் எண்டு ரெண்டையும் சேர்த்து இழுப்பீர். இழுக்கிறது எப்பிடி, வாயில வைச்சு விழுங்கிறதோ, நேர நெஞ்சுக்கோ?"

நான் தரையைப் பார்த்தேன். அந்த நேரம் பார்த்துக் கொத்துரொட்டிக் கடை அக்கா அவருக்குத் தேத்தண்ணியோடு உள்ளே வந்தார். பொருத்தத்தார் கோப்பையை வாங்கிக்கொண்டு என்னைக் காட்டினார்.

"ஆளைப் பாருங்கோ பிள்ளை. கேள்வி கேட்டால் பொம்பிளை பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி நிலத்தைப் பார்க்கிறார்."

"பாவம், விடுங்கோ அண்ணை" என்றார் அக்கா. பிறகு என்னிடம், "நீங்கள் வெள்ளிக்கிழமையில ஆட்டுக்கொத்து எடுக்கிறவரெல்லோ?" என்றார்.

தொப்பி போட்டு என்ன பிரயோசனம்.

"வாயில வைச்சுத்தான்" என்று மெல்லச் சொன்னேன்.

"அப்ப இறுக்கமா இழுபடுகிற சாமான் வேணும். சிகரெட் மாதிரி. உந்தப் புகைக்கூடுகள் உமக்கு வேண்டாம். கடைசிக் கேள்வி. வீட்டில ஆருக்குத் தெரியும்?"

"ஒருத்தருக்கும் தெரியாது."

அவர் தேத்தண்ணியை வைத்துவிட்டு என்னைக் கனநேரம் பார்த்தார். அவர் கண்ணில் கேலி இல்லை. அது எனக்கு இன்னும் கூச்சமாக இருந்தது.

பிறகு கண்ணை மூடி, அலுமாரியின் மூலையில் இருந்த ஒன்றை எடுக்கச் சொன்னார். பாவித்துத் தேய்ந்த சவர்க்காரக் கட்டி மாதிரி, சாம்பல் நிறத்தில் ஒரு குண்டுச் சாமான். புகையிலைச் சுவை ஜூஸ். "அழகில்லை. ஆனால் குடும்பத்துக்கு ஆகும். ஒழுகாது. பற்றரி ஒரு நாள் நிக்கும்."

எனக்கு அது பிடிக்கவில்லை. அதைக் கையில் எடுத்தாலே வேப் என்று எல்லோருக்கும் தெரியும். புகையிலை மணம் வேறு. என் கண் வேறொன்றில் விழுந்திருந்தது. நீல நிறம், மெல்லிசு, பேனை மாதிரி. சட்டைப்பையில் செருகலாம். சுவைக்கு மாம்பழம்.

"அந்த நீலம்" என்றேன்.

"பேனை மாதிரி இருந்தால் உம்மை எழுத்தாளர் எண்டு நினைப்பினமோ?"

"மாம்பழம் மணந்தால், மாம்பழம் சாப்பிட்டதெண்டு நினைப்பினம்" என்று விளக்கம் சொன்னேன். என் வாழ்க்கையில் யோசித்துச் செய்த ஒரே சதி அது.

"வெளியில ஸ்னோ கொட்டுது. தை மாசத்தில மாம்பழமோ? தம்பி, நீர் உமக்குப் பொருத்தமானதைப் பார்க்கேல்லை. ஊருக்குப் பொருத்தமானதைப் பார்க்கிறீர். இப்பிடி எடுத்த பொருத்தம் எத்தினையை நான் கண்டிட்டன்."

"மாமா, கஸ்டமர் கேட்டதைக் குடுப்பம்" என்று மருமகன் பல்லைக் கடித்துக்கொண்டு நீலத்தை எடுத்துப் பொதி செய்தான். நான் வாங்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக வெளியேறினேன். பொருத்தத்தார் கதவைத் திறந்து பார்க்கிங் லொட்டுக்குக் கேட்கக் கத்தினார்: "தம்பி, ஜூஸ் விட்ட உடன இழுத்துப்போடாதையும்..." மிச்சத்தைக் கேட்க நான் அங்கே நிற்கவில்லை. ஒரு குடும்பம் வண்டிலைத் தள்ளிக்கொண்டு போனது. காருக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிவிட்டேன்.

ஏறின கையோடு ஜூஸை விட்டு ஓர் இழுவை இழுத்தேன். எரிந்த துணியை விழுங்கியது மாதிரி இருந்தது. கண்ணில் தண்ணீர் வர இருமினேன். பஞ்சு ஜூஸில் ஊறக் கொஞ்ச நேரம் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் பஞ்சுதான் எரியும். அவர் கத்திச் சொல்ல வந்தது அதைத்தான். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதை மட்டுமாவது நினைவில் வையுங்கள்: கத்துகிறவர் சொல்லி முடிக்கும் வரை நின்று கேளுங்கள்.

நீலப் பேனை எனக்குப் போதவில்லை. இழுத்தால் காற்று மாதிரிப் போனது. எனவே பேனையை இழுத்துவிட்டு ஒரு சிகரெட்டும் பற்றினேன். இரண்டு மணமும் சேர்ந்து, மாந்தோப்பு தீப்பிடித்தது போல நான் மணந்தேன்.

பொருத்தத்தாருக்கு ஒரு பழைய வழக்கம் இருந்தது. கலியாணம் முடிந்த கையோடு அவர் விட்டுவிடமாட்டார். மாப்பிள்ளையை எங்கே கண்டாலும், இரண்டு பேரும் ஒத்துப்போகிறார்களா என்று விசாரிப்பார். அந்த வழக்கத்தை வேப்புக்கும் வைத்திருந்தார். ஒரு சனிக்கிழமை தமிழ்க் கடையில் மீன் வாங்க மனைவியோடு நிற்கிறேன். மரக்கறிப் பக்கத்திலிருந்து குரல் வந்தது.

"தம்பி, எப்பிடி ஒத்துப்போகுதோ? காலமை இருமல் எப்பிடி?"

மீன் வெட்டுகிறவர் கத்தியை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். நான் எண்ணெய்ப் போத்தல்களுக்குப் பின்னால் போய்விட்டேன்.

"உவர் என்ன கேக்கிறார்?" என்றாள் மனைவி.

"ஏதோ கலியாண விஷயம்."

"ஆருக்கு?"

நான் இரண்டு போத்தல் நல்லெண்ணெய் எடுத்து வண்டிலில் வைத்தேன்.

மாசி மாதம் மதுராவுக்கு பேபி ஷவர், இங்கத்தைய வளைகாப்பு. அஜக்ஸில் சம்பந்தி வீட்டில் நிலத்துக்குக் கீழே இருக்கும் பேஸ்மென்ரில் பலூன் கட்டி, ரோல்ஸ், பற்றீஸ், ஒரு மேசை நிறையக் கேக். மாப்பிள்ளையின் அக்காவுக்குக் கலியாணம் பேசியவர் பொருத்தத்தார் என்பதால் அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். அவரைக் கண்டதும் நான் பலூன் பக்கம் ஒதுங்கினேன். அவர் ரோல்ஸ் தட்டோடு நல்ல கதிரை ஒன்றைப் பிடித்து இருந்தார்.

பேபி ஷவரில் இந்தப் பிள்ளைகள் ஒரு விளையாட்டு வைக்கிறார்கள். குழந்தைக்குக் கட்டும் பம்பேர்சுக்குள் விதவிதமான சொக்கிலேற்றை உருக்கி விடுவது. பார்க்க எப்படி இருக்கும் என்று நான் சொல்லத் தேவையில்லை. வந்தவர்கள் ஒவ்வொன்றையும் முகர்ந்து, எந்தச் சொக்கிலேற் என்று சொல்ல வேண்டும். முதலில் எல்லோரும் சீ சீ என்றார்கள். பிறகு ஆளுக்காள் போட்டி. சம்பந்தி அம்மாவுக்கு நல்ல மூக்கு. எல்லாப் பம்பேர்சையும் முகர்ந்து முடித்து முதலாவதாக வந்தார். கை தட்டினார்கள். அந்த உற்சாகத்தில் அவருடைய மூக்கு நிற்கவில்லை.

"உதுக்குள்ள ஒண்டு மாம்பழம்" என்றார்.

"மாம்பழம் ஒண்டும் வைக்கேல்லை அன்ரி" என்றாள் விளையாட்டு நடத்திய பெண்.

"இல்லைப் பிள்ளை, நல்லா மணக்குது." அவர் மூக்கை உயர்த்திக்கொண்டு மேசையைச் சுற்றினார். கேக்கைத் தாண்டினார். பலூனைத் தாண்டினார். என் முன்னால் வந்து நின்றார்.

நான் குனிந்து பார்த்தேன். நீலப் பேனை சட்டைப்பைக்குள் ஒழுகி முடித்திருந்தது. வெள்ளைச் சட்டையில் இடது நெஞ்சில் ஓர் எண்ணெய் வட்டம். கூட்டம் முழுவதும் பார்த்தது. சம்பந்தி அம்மா இரண்டு விரலால் பேனையைப் பிடித்துத் தூக்கினார், செத்த பல்லியைத் தூக்குவது போல. அதன் வாலிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது.

"இது என்ன சம்பந்தி?"

மகள் பலூன் வளைவுக்குக் கீழே, வயிற்றில் கையை வைத்தபடி இருந்தாள். அவள் என்னைப் பார்த்தாள். பிள்ளை என்னைத் தாண்டிப் போகும் அந்தப் படம், பிள்ளை பிறக்க முதலே, ஊர் கூடி நிற்க நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன்.

"உது என்ர சாமான்" என்று ஒரு குரல் கேட்டது.

பொருத்தத்தார் எழுந்து நின்றார். கையில் பாதி ரோல்ஸ். "எனக்குப் பொக்கெற் இல்லை எண்டு இவரிட்ட வைச்சிருக்கக் குடுத்தனான். ஒழுகிப்போட்டுது. குறை நினையாதையுங்கோ."

சம்பந்தி அம்மா அவரைப் பிடித்துக்கொண்டார். "அண்ணை, உங்கட வயசுக்கு உது தேவையோ? பிள்ளைத்தாச்சி இருக்கிற இடத்துக்கு உதைக் கொண்டு வாறதோ? நாலு பேருக்குக் கலியாணம் பேசுற மனிசன், வெக்கமாயில்லையோ?"

"பிழைதான் பிள்ளை" என்றார் அவர்.

சிகரெட் பற்றாதவன் என்று ஊர் முழுக்கப் பெருமை பேசிய மனிதர். கடையில் வருகிறவன் போகிறவன் எல்லோருக்கும் பதிலடி வைத்திருந்த வாய். அது பேசாமல் நின்று ஏச்சு வாங்கியது. அவர் போட்டிருந்த கோட்டில் நாலு பொக்கெற் இருந்தது. அது ஒருவர் கண்ணிலும் படவில்லை. என் கண்ணில் பட்டது. அதற்கு மேல் என்னால் நிற்க முடியவில்லை.

"அது என்னுடையது" என்றேன்.

கூட்டத்தில் என் குரலைக் கேட்டு முதலில் திடுக்கிட்டவன் நான்தான். "அண்ணை பொய் சொல்லுறார். நான் சிகரெட்டை இன்னும் விடேல்லை. விடத்தான் இதை வாங்கினனான். பிள்ளையைத் தூக்கிறதுக்கு." பம்பேர்ஸ் மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

சம்பந்தி அம்மா பேனையை ஒரு பேப்பர்த் தட்டில் வைத்தார்.

"அப்பா" என்றாள் மதுரா. "வீ ஆல் நோ. எனக்கு ஹைஸ்கூலில இருந்தே தெரியும்."

"எங்களுக்கும் தெரியும்" என்றார் சம்பந்தி அம்மா. "கலியாணப் பேச்சு நேரமே விசாரிச்சனாங்கள்."

நான் மனைவியைப் பார்த்தேன். அவள் கேக் வெட்டுகிற கத்தியைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "வீட்டில கறிக்குப் போடுற கராம்பு வாராவாரம் முடியுது. அதை வாங்கி வாங்கி வைக்கிறது ஆர் எண்டு நினைக்கிறியள்?"

இத்தனை வருடமாக, நான் ஒளித்தது என்னிடமிருந்து மட்டும்தான் போலும். பூமி பிளக்கவில்லை. பேஸ்மென்ரில் அதற்கு வசதியும் இல்லை.

கோபம் வந்தது ஒரே ஓர் ஆளுக்கு. பொருத்தத்தார் ரோல்ஸை மேசையில் வைத்துவிட்டு எனக்குக் கிட்ட வந்தார். "இத்தினை வருஷம் புறோக்கரா இருந்தனான். எவ்வளவு பொய் சொல்லியிருப்பன். ஒருத்தரும் சபையில எழும்பி நிண்டு குழப்பினதில்லை. முதல் ஆள் நீர்தான் ஐசே." பிறகு குரலைத் தாழ்த்தினார். அவருடைய தாழ்ந்த குரல் பக்கத்து வீட்டுக்குத்தான் கேட்காது. "திங்கக்கிழமை கடைக்கு வாரும். அந்தச் சாம்பல் நிறச் சாமானை இன்னும் ஒருத்தருக்கும் குடுக்கேல்லை."

போனேன். தொப்பி இல்லாமல், காரைக் கடை வாசலில் விட்டுவிட்டு. வெட்கம் போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். கொத்துரொட்டி அக்கா கையசைத்தபோது காது சுட்டது. பொருத்தத்தார் என்னை ஸ்ரூலுக்குப் பக்கத்தில் நிறுத்தி, ஜூஸ் விட்டுக் காட்டி, ஒரு தேத்தண்ணி குடித்து முடிக்கும் வரை பஞ்சை ஊறவிட்டார். "இப்ப இழும். ஆறுதலா, மெல்ல மெல்ல." இழுத்தேன். சரியாக இருந்தது. சிகரெட்டை நினைக்க மறந்துபோகும் அளவுக்குச் சரியாக இருந்தது.

"நல்லது எண்டு நான் சொல்லேல்லை" என்றார். "சிகரெட்டை விடக் கெடுதல் குறைவு எண்டுதான் சொல்லுறன். இதோட குடும்பம் நடத்திற யோசினை வையாதையும். படுக்கைக்குக் கிட்ட வைச்சுச் சார்ஜ் போடாதையும். பிள்ளைக்கு முன்னால இதையும் எடுக்கக் கூடாது. வர வர ஜூஸைக் குறைச்சுக்கொண்டு போவம்."

குறைத்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு முறை ஜூஸின் கடுமை ஒரு படி இறங்கும்போதும் அவர் கடையில் இருப்பவர்களுக்கெல்லாம் அறிவிப்பார். நான் கூனிக்குறுகி நிற்பேன். முன்பின் தெரியாத ஒரு சீன மனிதர்கூட என் கையைப் பிடித்துக் குலுக்கியிருக்கிறார். கடைசியில் நிக்கொட்டினே இல்லாத ஜூஸ். பிறகு அதுவும் அலுத்துப்போனது. "சரி, இனி இந்தப் பக்கம் வரப்படாது" என்றார் பொருத்தத்தார். "மாமா, உப்பிடி ஆளாளுக்குச் சொன்னால் கடை எப்பிடி ஓடுறது?" என்று மருமகன் தலையில் கை வைத்தான்.

பிள்ளை பிறந்தது. பெண். வைத்தியசாலைக் கட்டிலில் சாய்ந்திருந்த மதுரா என்னைக் கிட்டக் கூப்பிட்டாள். முதலில் என் விரல்களை முகர்ந்தாள். பிறகு சட்டைக் கழுத்தை, பிறகு தலைமயிரை. மாமியாரிடம் பழகிய மூக்கு. மனைவி, சம்பந்தி, மாப்பிள்ளை எல்லோரும் பார்த்துக்கொண்டு நிற்க, கூச்சத்தில் வேர்த்துக்கொட்டியது. "ஓகே அப்பா" என்று சொல்லிப் பிள்ளையை என் கையில் வைத்தாள். ஒரு இறாத்தல் பாணின் பாரமும் இல்லை போல இருந்தது.

கடை பிறகு மூடப்பட்டது. பொருத்தத்தாரால்தான் மூடினது என்று நான் சொல்லமாட்டேன். மருமகன் சொல்கிறான். இப்போது மருமகன் குடும்பம் அவரையும் கூட்டிக்கொண்டு, தூரத்தில் ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிப் போய்விட்டது. அங்கே கார் இல்லாமல் ஒரு இடமும் போக முடியாது. பொருத்தத்தாருக்குக் கார் ஓடத் தெரியாது. பொருத்தம் பார்க்கவும் ஆள் இல்லை.

எனக்கு இப்போது அவரிடம் கேட்பதற்கு ஒன்றும் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தியைக் காரில் வைத்துக்கொண்டு அங்கே போகிறேன். அவரையும் ஏற்றிக்கொண்டு பக்கத்தில் இருக்கும் கோப்பிக்கடைக்குப் போவோம். போன கிழமையும் போனோம். பேத்தி என் மடியில் இருந்தாள். கடை நிறைய ஆட்கள். பக்கத்து மேசையில் இருந்த தமிழ்க் குடும்பத்துக்கு அவர் என்னைக் காட்டி, தெருவுக்குக் கேட்கும் குரலில் அறிமுகம் செய்தார்.

"இவரைத் தெரியுமோ? ஒரு காலத்தில கண் முழிச்ச உடன பத்துற மனிசன். பேனை மாதிரி ஒண்டை வாங்கிப் பொக்கெற்றில ஒழுக விட்டவர். இப்ப மணந்து பாருங்கோ. ஒண்டும் இல்லை. வேணுமெண்டால் கிட்ட வந்து மணந்து பாருங்கோ."

அந்தக் குடும்பம் திரும்பிப் பார்த்தது. கோப்பி ஊற்றுகிற பெண் பார்த்தாள். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள். எனக்கு முகம் சுட்டது. பேத்தியைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டு, என் கதிரையை இன்னும் கொஞ்சம் அவருக்குக் கிட்ட இழுத்துப்போட்டு இருந்தேன்.